அமலோற்பவம் போட்ட தாழ்ப்பாள்

முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்புறச் சந்தில், ஒரு நாள்கூடப் பூசை தவறாத பெண் யார் என்று கேட்டால் எல்லாரும் அமலோற்பவத்தைத்தான் கைகாட்டுவார்கள். வீடு தேடி வந்த சாமியாரை உள்ளே விடாமல் கதவைத் தாழ்போட்டவள் யார் என்று கேட்டாலும் அவளைத்தான். இரண்டு காரியத்தையும் ஒரே ஆள் எப்படிச் செய்தாள் என்று அந்த வேதக்கோயில் பங்கில் இன்னும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். அவர்களுக்கும் பொழுது போகவேண்டும் அல்லவா.

எழுபத்தாறாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அமலோற்பவத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கோயில் துணிகளையும் சாமியார்களின் அங்கிகளையும் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுப்பது அவள் வேலை. அதனால் சாமியார்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டே தவிரப் பயம் கிடையாது. கழுத்துப் பட்டையின் அழுக்கை வாரா வாரம் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? விடியற்காலை ஐந்தரைப் பூசைக்கு முதல் ஆளாகப் போய், மாதா பீடத்துக்கு நேர் எதிரே தரையில் உட்காருவாள். அந்த இடத்தில் பிஷப்பே வந்து உட்கார்ந்திருந்தாலும், "கொஞ்சம் நவுந்துக்குங்க ஆண்டவரே" என்று சொல்லியிருப்பாள்.

அவள் புருஷன் தேவதாஸ் வேறு ரகம். மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. வேலை விட்டால் சாராயக்கடை. கோயிலுக்குள் காலெடுத்து வைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அந்தோணியார் தேரைத் தூக்குகிறவர்களில் அவன்தான் முன்கம்பு. ஒரு வருஷம் திருவிழா அன்றைக்கு நன்றாக ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். அப்போதிருந்த பெரிய சாமியார், "நீ தூக்கினா அந்தோணியாரும் சேந்து தள்ளாடுவாரு, போடா" என்று ஊர் நடுவே விரட்டிவிட்டார். "நான் தூக்கலன்னா அவரு நடந்து போவட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன்தான். அந்தோணியார் நடக்கவும் இல்லை, தேவதாஸ் திரும்பிப் போகவும் இல்லை.

பொங்கல் முடிந்த வாரம் அவன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கண் இன்னும் மஞ்சளானது. பிறகு வயிறு உப்பியது, கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈரல் முழுக்கக் கெட்டுப் போச்சும்மா. நாங்க செய்யறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு அழச்சிட்டுப் போங்க. ஆசைப்பட்டதக் குடுங்க" என்றார்.

"எத்தன நாளு டாக்டர்?"

"ரெண்டு வாரம். மூணு வாரம் இருந்தா அதிகம்."

"சரிங்க. உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லிட்டீங்க" என்றாள் அமலோற்பவம், அவரை மன்னித்துவிட்டவளைப் போல. பிறகு ரிக்‌ஷா வைத்துப் புருஷனை வீட்டுக்கு அழைத்துவந்து, கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் செபமாலையைத் தொங்கவிட்டாள். "மாதா பாத்துக்குவா. நீ பேசாம படு" என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தவளக்குப்பத்திலிருந்து தேவதாஸின் அக்கா குஞ்சம்மாள் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். கையில் பெரிய பை. பையில் மேலாகவே சாவுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை மடித்து வைத்திருந்தாள். தம்பியை எட்டிப் பார்த்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"மொதல்ல சாமியாரக் கூப்பிட்டு அவஸ்தப்பூசுதல் குடுக்கச் சொல்லுடி. மத்ததெல்லாம் அப்புறம்."

"அதெல்லாம் வேணாம் அண்ணி. அவரு பொழச்சிக்குவாரு."

"பொழைக்கறானோ போறானோ, எண்ணெயில்லாம அனுப்பக் கூடாதுடி."

"அவர எங்கயும் அனுப்பறதா இல்ல" என்று சொல்லி அமலோற்பவம் அரிசி களைய ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். அவஸ்தைப்பூசுதல் என்றால் சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்த எண்ணெய் பூசுவது. அந்தச் சந்தில் எண்ணெய் பூசிய எவரும் அடுத்த நாள் காப்பி குடித்ததில்லை. அவள் அப்பாவுக்குச் சாயந்திரம் நான்கு மணிக்குப் பூசினார்கள். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதே, இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவில், மூச்சு நின்றுவிட்டது. சித்தப்பா, மாமனார், கோடிவீட்டு ரொசாலி என்று அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். ஏழு பேர். ஏழு பேருக்கும் எண்ணெய். ஏழு பேரும் கல்லறையில். சாகக் கிடக்கிறவரைக்கும் காத்திருந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு சாமியாரைக் கூப்பிட ஓடினால், அவர் வந்ததும் சாகாமல் வேறு என்ன செய்வார்கள் என்று அந்தச் சந்தில் ஒருத்தரும் யோசித்ததில்லை. எண்ணெய் வந்தது, உயிர் போனது. ஆகவே உயிரைக் கொண்டு போனது எண்ணெய்தான். சுகமாக இருக்கும்போது சாமியாரை வாசலில் கண்டு முழந்தாளிட்டு ஆசீர் வாங்குகிற சனங்கள், வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அவர் சைக்கிள் மணியைக் கேட்டே நடுங்கினார்கள்.

ஆகவே சின்னச் சாமியார் முதல் தடவை வந்தபோது அமலோற்பவம் வாசலிலேயே நின்றுகொண்டாள். பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் அவர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, சைக்கிளின் பின்னால் ஒரு தோல் பை. அந்தப் பைக்குள் எண்ணெய்ச் சிமிழ் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பைக்கு உறை தைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம். உள்ள வரலாமாம்மா?"

"அவரு தூங்கறாரு சாமி."

உள்ளே தேவதாஸ் பலமாக இருமினான்.

"முழிச்சிட்டாரு போலருக்கே."

"தூக்கத்துல இருமறாரு. காப்பி சாப்புடறீங்களா?"

நாற்காலி வெளியே வந்தது. சாமியார் சந்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். போவோர் வருவோரெல்லாம் தோத்திரம் சொன்னார்கள். மறுநாளும் வந்தார், மறுநாளும் காப்பி. மூன்றாம் நாள் அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க பழசையே நெனச்சிட்டுப் பயப்படறீங்க. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்க. அவஸ்தைப்பூசுதல்னு இப்பச் சொல்றதே இல்ல. நோயில்பூசுதல். சாகப்போறவங்களுக்குன்னு இல்ல, நோயாளி யாரா இருந்தாலும் குடுக்கலாம். தெம்புக்காகக் குடுக்கறது."

"எண்ணெய் அதேதானே சாமி?"

சாமியார் பொய் சொல்லிப் பழகாதவர். "எண்ணெய்... அதேதான்" என்றார்.

"ரோமாபுரியில பேர மாத்துனது எங்க சந்துல இருக்கற சாவுக்குத் தெரியுமா சாமி?"

சாமியார் பெங்களூரில் ஏழு வருஷம் வேத சாஸ்திரம் படித்தவர். இதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் வந்திருக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு அவர் தலை மறைந்ததும் அமலோற்பவம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பகலில் எந்த வீட்டுக் கதவையும் சாத்தாத சந்து அது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

சாமியாரையாவது காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். பங்கில் சாவுக் காரியங்களைக் கவனிக்கிற நன்மரண சபையின் தலைவர் தைரியநாதனை அனுப்புவதுதான் பெரிய பாடு. அவர் ஓய்வு பெற்ற சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்வந்தவர். அங்கே எத்தனை சாவைப் பார்த்தாரோ தெரியாது, இங்கே ஒன்றையும் தவறவிடுவதில்லை. பங்கில் யார் படுத்தாலும் தொப்பியும் கைத்தடியுமாக வந்து, நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் சவப்பெட்டியின் நீளம் அகலம் எல்லாம் முடிந்துவிடும்.

"போன்ழூர் மதாம்" என்று தாழ்போட்ட கதவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். "எல்லாம் ஒழுங்கு முறையா நடக்கணும். சபை லிஸ்டுல இப்ப தேவதாஸ் பேருதான் மொதல்ல இருக்குது."

அமலோற்பவம் சன்னல் வழியாகக் கேட்டாள்: "உங்க பேரு எத்தனாவது முசே?"

எழுபத்திரண்டு வயதுக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது. தைரியநாதன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாளும் வந்தார்.

அவள் இஸ்திரி வேலைக்குப் போகிற நேரத்தில் வீட்டைக் காக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிக்கு வந்தது. குஞ்சம்மாளை நம்ப முடியாது. முதுகு திரும்பினால் சாமியாரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிடுவாள். அஞ்சலாட்சி திரௌபதி அம்மனுக்கு வருஷா வருஷம் தீ மிதிக்கிறவள்.

"உங்க சாமியார உங்க வூட்டுக்குள்ள உடாம நான் தடுக்கறதா? எனக்குப் பாவம் வராதாக்கா?" என்று தயங்கினாள்.

"உனக்கு எப்பிடிடி வரும்? நீதான் எங்க வேதத்துலயே இல்லியே."

அந்த நியாயம் அஞ்சலாட்சிக்குப் பிடித்திருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

தேவதாஸோ நாளுக்கு நாள் மோசமானான். வயிறு ஏறிக்கொண்டே வந்தது. முகமும் தோளும் வற்றிக்கொண்டே வந்தன. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அமலோற்பவம் அவனைத் துடைத்துவிடும்போதெல்லாம், "நேத்திக்கு இன்னிக்குப் பரவால்ல" என்பாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

சனிக்கிழமை காலை அவள் வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். லூர்து மாதா கோயிலில் வழக்கமான கூட்டம். முழந்தாளிட்டு, சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, முதலில் முறைப்படி ஒரு ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லி முடித்தாள். மரியாதை மரியாதையாக இருக்கட்டும் என்று. அதற்குப் பிறகு சொந்தப் பேச்சுக்கு வந்தாள்.

"இங்க பாரு. புள்ள கேட்டேன். பதினாலு வருஷம் கேட்டேன். குடுக்கல. கேக்கறத உட்டேன், உன்ன உடல. இப்ப இவன் ஒருத்தன்தான் இருக்கறான். குடிகாரன்தான். உன் கோயிலுப் பக்கம் வராதவன்தான். எனக்குத் தெரியாதா? ஆனா என்னோட குடிகாரன் அவன். டாக்டரு முடியாதுன்னுட்டாரு. முடியற காரியம்னா நான் டாக்டருகிட்டயே கேட்டுக்குவேனே, பஸ் ஏறி உன்கிட்ட எதுக்கு வரேன்?"

பக்கத்தில் செபம் பண்ணிக்கொண்டிருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மாதா எப்போதும்போலக் கைகுவித்து நின்றாள். அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. அஞ்சலாட்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்ற விதமே சரியில்லை.

"சாமியாரு வந்தாருக்கா. சொன்ன மாதிரியே நான் உடல. ஆனா அண்ணன் உள்ளேருந்து கூப்பிட்டாரு. 'சாமி, சாமி'ன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவருக்கும் கேட்டுது. 'அமலோற்பவம் வரட்டும், அவங்களா சொன்னாத்தான் வருவேன்'னு போயிட்டாரு."

அமலோற்பவம் உள்ளே போனாள். பழக்கத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"அமலு, அதப் போடாத" என்றான் தேவதாஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்குச் சாமியாரு வேணும்."

"காய்ச்சல்ல பேசற. படு."

"காய்ச்சல் இல்ல. பதினோரு வருஷமா பாவசங்கீர்த்தனம் பண்ணல. எல்லாம் அப்பிடியே நெஞ்சுல அடச்சிட்டு நிக்குது. வயித்துல இருக்கற தண்ணியக்கூடத் தாங்கிக்குவேன் போலருக்கு, இதத் தாங்க முடியல."

"எண்ணெய் பூசினா செத்துடுவய்யா."

"பூசலன்னா?"

"மாதா காப்பாத்துவா. இப்பத்தான் சொல்லிட்டு வரேன்."

"சரி. காப்பாத்தறவ, சாமியாரு உள்ள வந்தா எழுந்து ஓடிடுவாளா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீ மாதாவ நம்பறியா, இல்ல இந்தத் தாப்பாள நம்பறியா?" என்று கேட்டான்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவள் அவள். பதினோரு வருஷம் சாராயக்கடையில் நவநாள் செய்தவன் அவளுக்கு விசுவாசப் பரீட்சை வைக்கிறான். ஆனால் அவன் சொன்னது உண்மை. இத்தனை நாளும் அவளிடம் இருந்தது பயம். அதற்கு முக்காடு போட்டு, செபமாலை கையில் கொடுத்து, விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடக்க முடியாமல் அழுகையும் வந்தது.

"பயமா இருக்குதாய்யா?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ம்" என்றான். "பயந்தான்."

இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. எழுந்து, முகத்தைக் கழுவி, கோயிலுக்கு நடந்தாள்.

சாமியார் பங்களாவில் பகல் தூக்கம். கதவை இரண்டு கையாலும் தட்டினாள். கண்ணாடி இல்லாமல், தலை கலைந்து, சின்னச் சாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய எடுத்துக்கிட்டு வாங்க சாமி."

"உள்ள உடுவீங்களா, இல்ல காப்பி மட்டும்தானா?"

"உள்ளதான். காப்பியும் உள்ளதான்" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோல் பையை எடுத்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாமியாரும் பக்கத்தில் அமலோற்பவமும் வருவதைச் சந்து முனையில் பார்த்ததுமே சனங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமலோற்பவமே போய் அழைத்து வருகிறாள் என்றால் ஆள் முடிந்தான். பெட்டிக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். தைரியநாதன் எங்கிருந்தோ மெழுகுவத்தியோடு முளைத்து, ராணுவ நடையில் முன்னால் நடக்க ஆரம்பித்தார். குஞ்சம்மாளுக்கு அவன் சாகும்வரை பொறுமை இல்லை. வாசலில் நின்று, "என்ன பெத்த தம்பி, எங்கள உட்டுட்டுப் போயிட்டியா" என்று மார்பில் அடித்துக்கொண்டு பாட்டெடுத்துவிட்டாள். இரண்டாவது அடிக்கு வருவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுக்கா. இன்னும் இருக்கறேன்."

சந்தே கொல்லென்று சிரித்தது. சாமியாரும் கழுத்துப் பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் பாவம் சாமியார் காதுக்கு மட்டும் என்பதால் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தைரியநாதனின் மெழுகுவத்தி பாதி உருகிவிட்டது. "அவ்ளோ இருக்குதா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள். "பதினோரு வருஷத்துச் சரக்கு இல்லியா" என்றாள் மற்றவள். முக்கால் மணிக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. சாமியார் தலையை நீட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

"அவருக்கா சாமி?" என்று பதறினாள் அமலோற்பவம்.

"இல்லம்மா. எனக்கு."

பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். தேவதாஸின் முகம் அழுது முடித்த குழந்தையின் முகம்போலத் தெளிந்திருந்தது. அமலோற்பவம் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். அப்பாவுக்குப் பூசியபோது கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எல்லாவற்றுக்கும் லத்தீனில் ஏதோ சொல்லிப் பூசினார்கள். அதெல்லாம் சாவுக்கு வழி திறக்கிற மந்திரம் என்றுதான் அவள் வைத்திருந்தாள். இவர் நெற்றியிலும் இரண்டு கைகளிலும் மட்டும் பூசினார். செபத்தைத் தமிழில் சொன்னார். முதல் தடவையாக அதில் என்ன இருக்கிறது என்பது அவள் காதில் விழுந்தது. இவன் பாவத்தைப் போக்கி, இவனைக் காப்பாற்றி, எழுப்பி விடும் ஆண்டவரே என்று கேட்டார் சாமியார். வில்லியனூரில் காலையில் அவள் சண்டை போட்டுக் கேட்டதையேதான் அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கும் இதைத்தான் கேட்டார்களா? இதையா அவள் எட்டு நாளாக வாசலில் நிறுத்திக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்? முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பூசி முடிந்ததும் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்தச் சந்தின் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. தைரியநாதன் இரண்டு தடவை கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவை தேவதாஸ் கண்ணைத் திறந்து, "முசே, வெளிச்சத்த மறைக்காதீங்க" என்றான். பிறகு பெண்டாட்டியிடம், "அமலு, சுறாப்புட்டு தின்னணும் போலருக்குது" என்றான். குஞ்சம்மாள் பையைத் திறந்து, வெள்ளைச் சேலையை அடியில் வைத்து, மற்றத் துணிகளை மேலே அடுக்கினாள். அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அன்றிலிருந்து பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தவே இல்லை. யார் வேண்டுமானாலும் வந்தார்கள். சின்னச் சாமியார் தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அந்தோணியார் தேரை மூலையில் திருப்பும்போது முன்கம்புக்காரன் எந்தத் தோளுக்கு மாற்ற வேண்டும் என்று தேவதாஸ் அவருக்குப் பாடம் நடத்தினான். ஒரு வாரம் அவன் முகம் தேறினதுபோலக்கூட இருந்தது. "எண்ணெய் நல்ல எண்ணெய்க்கா, எனக்கும் முட்டி வலிக்குது, கொஞ்சம் கேட்டு வாங்கித் தரியா?" என்றாள் அஞ்சலாட்சி. அமலோற்பவம் ஒவ்வொரு நாளும் கேட்டாள். விடியற்காலையில் கேட்டாள், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடும்போது கேட்டாள், கஞ்சி ஊட்டும்போது கேட்டாள். இப்போது பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயத்தோடேயே கேட்டாள்.

எண்ணெய் பூசிப் பதினோராம் நாள், தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதன். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தாள். தேவதாஸுக்கு மூச்சு மாறியிருந்தது. ஆனால் கண் அவளை நன்றாகவே பார்த்தது.

"இன்னா, நீயும் அஞ்சலாட்சி மாதிரி பட்ட போட்டுக்கிட்டு வந்திருக்கற?"

"வாய மூடுய்யா. விபூதிப் புதன் இன்னிக்கி."

"எனக்கும் கொஞ்சம் வெய்யி."

தன் நெற்றியில் விரலை வைத்து எடுத்து, அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். சாம்பல் வைக்கும்போது, மனிதனே நீ மண்ணாயிருக்கிறாய் என்று சொல்லவேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. "சொல்லேன், பரவால்ல. தெரிஞ்ச சங்கதிதானே" என்றான் அவன். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில்லில் பகல் சங்கு ஊதியபோது அவன் கை அவள் கைக்குள் தளர்ந்தது.

நன்மரண சபை தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. தைரியநாதனின் அளவு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. குஞ்சம்மாள் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கி முழுவதும் பாடி முடித்தாள். தேர் தூக்குகிற பழைய கூட்டாளிகள்தான் பெட்டியையும் தூக்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் நன்றாகவே தள்ளாடினார்கள்.

அடுத்த நாள் ஐந்தரைப் பூசைக்கு அமலோற்பவம் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குஞ்சம்மாளை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். பூசை முடிந்தது. சனங்கள் கலைந்தார்கள். உபதேசியார் மெழுகுவத்திகளை அணைக்க ஆரம்பித்தார். அமலோற்பவம் எழுந்து மாதா பீடத்துக்கு முன்னால் போய், முழந்தாளிடாமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரு சொன்னதுதான் நடந்துச்சி. உன்கிட்ட வந்து நான் என்னாத்தக் கண்டேன்? புள்ளையும் இல்ல, புருஷனும் இல்ல. அவன் அழுதுட்டு, கழுவிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே போயிட்டான், அது ஒண்ணு குடுத்த. அத நான் மறுக்கல. ஆனா நான் கேட்டது அது இல்ல. கேட்டுச்சா உனக்கு? நான் கேட்டது அது இல்ல..."

குரல் கோயில் முழுக்க முழங்கியது. உபதேசியார் கையில் அணைப்பானோடு நின்றுவிட்டார். குஞ்சம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி வூட்டுக்கு. கேட்டதக் குடுக்காதவகிட்ட இன்னும் என்னாடி பேச்சு உனக்கு?"

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் மோவாய்வரை வழிந்துகொண்டிருந்தது.

"வேற யாருகிட்ட போயி சண்ட போடுவேன் அண்ணி? இவள உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

பிறகு மாதா பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.